கணனித் திரையில் முப்பரிமாண எழுத்து – ஒரு திறனாய்வு நோக்கு

எழுத்தென்பது ஒலியின் வரிவடிவம் என்று இலக்கணம் கற்கும் நாம், அவ்வரிவடிவத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, கனம் இல்லை என்பதையும் எண்ணிப் பாராமலே ஏற்றுக்கொண்டிருக்கின்றோம். தாளில் அச்சான எழுத்தைத் தடவிப் பார்த்துப் பொருள் கொள்வாரில்லை. ஆயின் கடந்த சில தசாப்தங்களில் எழுத்துக் கனம் பெற்றுள்ளது. தொலைக்காட்சிச் செய்தியின் தொடக்கத்திலும், திரைப்படத்தின் பெயர் தோன்றும் கணத்திலும், விளம்பரங்களிலும், விளையாட்டு மென்பொருள்களிலும் எழுத்துக்கள் உலோகக் கட்டிகள் போலச் சுழன்று வருகின்றன, ஒளியை வாங்கி மின்னுகின்றன, நிழலை வீழ்த்துகின்றன. அவற்றை நாம் வியந்து பார்க்கின்றோம். ஆனால் வாசிக்கின்றோமா? இவ்வினாவை எழுப்புவதும் அதற்கு இயன்ற அளவில் விடை காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனி நிரலாக்கம் விஞ்ஞான, பொறியியற் பீடத்தாருக்குரிய துறை. அதிற் கலைப்பீட மாணவர் ஒருவர் தலையிடுவானேன் என்று கேட்கப்படலாம். ஒரு நூலின் அச்சமைப்பு, ஏட்டின் எழுத்துமுறை, கல்வெட்டின் வரியமைப்பு என்பன இலக்கிய மாணவரின் ஆய்வுக்குரியன என்றால், திரையில் எழுத்து நிற்கும் நிலையும் அவ்வாறே ஆய்வுக்குரியதாகும். எழுத்தை வாசகருக்கு எவ்வாறு காட்டுவது என்ற தெரிவு வெறும் தொழில்நுட்பத் தெரிவன்று. அது வாசகரைப் பற்றிய ஒரு கருத்து நிலையையும் உள்ளடக்கியுள்ளது.

இவ்வெண்ணம் எனக்கு நூலகத்தில் உதித்ததன்று, மண்டபத்தில் உதித்தது. மாணவர் நிகழ்ச்சியொன்றுக்காக மேடையின் பின்திரையில் ‘கலைவிழா’ என்னும் சொல்லை முப்பரிமாணத்திற் சுழலவிட விரும்பினோம். நண்பரொருவர் பலரும் பயன்படுத்தும் நிரற்றொகுதி ஒன்றைக் கொண்டு இரவிரவாக முயன்றார். ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒரு குறையுமின்றிச் சுழன்றது. தமிழ்ச் சொல்லோ வேறுவிதமாக வந்தது. லகரத்தின் முன் நிற்கவேண்டிய ஐகாரக் குறி அதன் பின்னே சென்று வகரத்தின் முன் நின்றது. ஆகவே ‘கலைவிழா’ என்ற சொல் ‘கலவை’ என்று தொடங்கியது. பார்த்தவர்கள் சிரித்தனர்; நாங்களும் சிரித்தோம். ஆயினும், பொன்னிறத்தில் மின்னிக்கொண்டு பிழையாகச் சுழன்ற அச்சொல் என் மனத்தை விட்டகலவில்லை. எழுத்துக்கு உடல் கொடுத்த அத்தொகுதிக்கு எழுத்தென்றால் என்னவென்று தெரியவில்லை என்றே எனக்குப் பட்டது. அதன் காரணத்தைப் பின்னர் நோக்குவோம்.

பழைய கனம்

எழுத்து முன்னொருபோதும் கனம் பெற்றிருக்கவில்லை என்று கருதுதல் தவறாகும். கல்வெட்டெழுத்து ஆழமுடையது. 1911ஆம் ஆண்டு காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த மும்மொழிக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அங்கு எழுத்துக்கும் கல்லுக்கும் நிறத்தால் வேறுபாடில்லை. வெட்டின் ஆழத்தில் விழும் நிழலே எழுத்தாகின்றது. எனவேதான் கல்வெட்டாய்வாளர் நேரொளியை விடச் சாய்ந்து விழும் ஒளியையே விரும்புவர். ஓலைச்சுவடியும் இதனையொத்ததே. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மை தடவிய பின்னரே எழுத்துத் தெளிவாகத் தெரியும். அச்சகத்தின் ஈய எழுத்தோ முற்றிலும் திண்மப் பொருள். அச்சுக்கோப்பாளர் அதனைக் கையால் எடுத்து, இடம்வலம் மாறிய அதன் முகத்தை நோக்கி அடுக்கினார்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இவற்றில் ஆழம் வாசிப்புக்குப் பணிபுரிந்தது. கல்லின் ஆழம் எழுத்தைக் காலத்திலிருந்து காத்தது. ஓலையின் கீறல் மையைத் தாங்கியது. ஈயத்தின் மேடு மையைத் தாளுக்குக் கொண்டுசென்றது. வாசகருக்குப் புலப்பட்டது எழுத்து மட்டுமே. ஆழம் தன் பணியை முடித்துக்கொண்டு மறைந்தது. கணனித் திரையிலோ நிலைமை தலைகீழானது. அங்கு எழுத்தைத் தாங்குவதற்கு ஆழம் தேவையில்லை. தேவையற்ற அவ்வாழத்தை நாம் விரும்பியே சேர்க்கின்றோம். ஆதலின், ‘எதன் பொருட்டு?’ என்ற வினாவைக் கல்வெட்டை விடத் திரையிடம் கேட்பதே பொருத்தமுடைத்து.

ஆக்கமுறை

இவ்வினாவுக்கு விடை காணுமுன் அவ்வெழுத்து எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். ஆக்கமுறையை அறியாது செய்யப்படும் திறனாய்வு, யாப்பறியாது செய்யுளை மதிப்பிடுவதை ஒக்கும்.

கணனியின் எழுத்துரு ஒவ்வொன்றும் எழுத்தை மையால் நிரம்பிய உருவாகச் சேமித்து வைப்பதில்லை. எழுத்தின் உருவரையைச் சில புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளாலும் குறித்து வைக்கின்றது. முப்பரிமாண எழுத்தை ஆக்கும் நிரல் முதலில் அவ்வளைகோடுகளைச் சிறு நேர்கோட்டுத் துண்டங்களாக மாற்றும். துண்டங்கள் கூடக்கூட வளைவு செம்மையுறும்; கணிப்பின் சுமையும் கூடும். அடுத்து, அவ்வாறு பெறப்பட்ட பல்கோணி முக்கோணிகளாகப் பிரிக்கப்படும். வரைவியற் பொறிகள் முக்கோணிகளை நிரப்புவதற்கென்றே அமைந்தவை என்பது இதற்குக் காரணம். பின்னர், அம்முகத்தின் பிரதியொன்று குறித்த ஆழத்திற் பின்னே வைக்கப்படும். முன்முகத்தின் ஒவ்வொரு விளிம்பும் பின்முகத்தின் விளிம்போடு ஒரு நாற்பக்கலால் இணைக்கப்படும். ஈற்றில், ஒவ்வொரு பரப்பும் எத்திசையை நோக்குகின்றது என்பதைக் காட்டும் செவ்வன் கணிக்கப்பட்டு, ஒளிமுதலின் திசைக்கேற்ப வெளிச்சமும் நிழலும் ஊட்டப்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறின் இது விளங்கும். வளைவின்றி நேர்கோடுகளால் வரையப்பட்ட டகரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆறு மூலைகள். ஆறு மூலைகளையுடைய பல்கோணியை 4 முக்கோணிகளாகப் பிரிக்கலாம். முன்முகத்துக்கு 4, பின்முகத்துக்கு 4, பக்கச் சுவர்கள் ஆறுக்கும் இவ்விரண்டாக 12. ஆக மொத்தம் 20 முக்கோணிகள். இதே முறையில் எட்டு மூலைகளுடைய பகரத்துக்கு 28 வேண்டும். டகரமும் பகரமும் எளியவை. ககரம், ணகரம், இகரம் போன்று சுழியும் வளைவும் உடையவற்றுக்கு எண்ணிக்கை பன்மடங்காகும். மூடிய சுழியின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தை ‘இது எழுத்தன்று, துளை’ என்று நிரலுக்கு வேறாக உணர்த்தவும் வேண்டும். அதனை உணர்த்தத் தவறின் சுழி அடைபட்டு எழுத்து ஒரு கட்டியாகிவிடும். எழுத்தை எழுத்தாக்குவது மை மட்டுமன்று, மை இல்லாத இடமும் ஆகும் என்ற உண்மையைக் கணனி இவ்வாறு நமக்கு நினைவூட்டுகின்றது.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் அவசியமாகும். ‘முப்பரிமாண எழுத்து’ என்ற தொடர் இரு பொருளில் வழங்குகின்றது. ஒன்று, மேலே கூறியவாறு தானே கனமுடைய திண்மமாகிய எழுத்து. மற்றையது, தான் தட்டையாகவே இருந்து முப்பரிமாண வெளியொன்றில் நிறுத்தப்பட்ட எழுத்து. முன்னதைத் திண்ம எழுத்து எனவும் பின்னதை வெளியெழுத்து எனவும் இக்கட்டுரையில் வழங்குவோம். வெளியெழுத்தின் சிக்கல் கனத்தை ஆக்குவதன்று. அருகே சென்றாலும் தொலைவில் நின்றாலும் விளிம்பு சிதையாது காப்பதாகும். 2007ஆம் ஆண்டு வால்வ் என்னும் விளையாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் கிறீன் வெளியிட்ட முறை இதற்குப் பயன்படுவது. எழுத்தின் படத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு புள்ளியும் எழுத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற எண்ணைச் சேமிப்பதே அம்முறையின் சாரம். சிறியதொரு படத்திலிருந்து பெரிய எழுத்தையும் கூரிய விளிம்புடன் பெற இது வழிசெய்தது. திண்ம எழுத்து, வெளியெழுத்து என்னும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே முப்பரிமாண எழுத்துப் பற்றிய பல புகழுரைகளுக்கும் கண்டனங்களுக்கும் காரணம் எனலாம்.

காட்சிக்கான கனம்

திண்ம எழுத்தை உலகின் சாதாரண மக்களுக்கு அறிமுகஞ் செய்தது கலைக்கூடம் அன்று. விண்டோஸ் கணனிகளில் இருந்த திரைகாப்பு நிரலொன்றே அதனைச் செய்தது. 1992இல் வெளிவந்த ஓபன் ஜீஎல் என்னும் வரைவியல் இடைமுகத்தை மைக்றோசொப்ற் தனது விண்டோஸ் முறைமையிற் சேர்த்துக்கொண்டது. எழுத்துருவின் உருவரையை எடுத்து அதற்கு ஆழங் கொடுக்கும் வசதியும் அங்கு நிரலாளருக்குக் கிடைத்தது. அந்நாளைய கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் சுவடு திரையிற் பதிந்துவிடும். அதனைத் தவிர்க்கவே திரைகாப்பு நிரல் எழுந்தது. பயனாளர் தட்டச்சிட்ட சொல்லோ அன்றைய நேரமோ திண்ம எழுத்தாகி, யாருமில்லாத அலுவலகங்களில் இரவு முழுவதும் ஆடியும் உருண்டும் கொண்டிருந்தது.

இதனை ஒரு படைப்பாகக் கொண்டு மதிப்பிட்டால் வியப்பான ஓர் உண்மை புலனாகும். அவ்வெழுத்து வாசிப்பதற்காக எழுந்ததன்று. வாசகர் எழுந்து சென்றபின் தோன்றுவதே அதன் இயல்பு. திரையைக் காப்பதற்கு அது அசைதல் வேண்டும். என்ன சொல்கின்றது என்பது பொருட்டன்று. திண்ம எழுத்தின் முதற் பெருவழக்கு வாசகரற்ற எழுத்தாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பின்வந்த விளம்பரங்களும் நிகழ்ச்சித் தலைப்புகளும் அதே இயல்பைத் தொடர்ந்தன. அங்கும் நாம் முன்பே அறிந்த பெயரே சுழல்கின்றது. அறியாத ஒன்றைச் சொல்வதற்கு யாரும் சுழலும் எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. மருந்துப் போத்தலின் அளவுக் குறிப்பையோ பரீட்சை வினாத்தாளையோ அவ்வாறு எழுதத் துணிவார் உளரா? கனம் இங்கே பொருளைத் தருவதில்லை, செல்வாக்கை அறிவிக்கின்றது. கற்கோபுரத்தில் பெயர் பொறித்த மன்னனுக்கும் பொன்னெழுத்தைச் சுழலவிடும் வணிக நிறுவனத்துக்கும் நோக்கத்தில் வேறுபாடு அதிகமில்லை.

எழுத்துக்களாலான நகரம்

திண்ம எழுத்து முழுவதும் இத்தகையதே என்று முடிவுகட்டியிருந்தால் இக்கட்டுரை இவ்விடத்தே முடிந்திருக்கும். ஆயின் அம்முடிவை மறுக்கும் படைப்பொன்று உண்டு. அவுஸ்திரேலியாவிற் பிறந்த கலைஞர் ஜெப்றி ஷோ, டேர்க் குறூனவெல்ட் என்பவருடன் இணைந்து 1988க்கும் 1991க்கும் இடையில் ஆக்கிய ‘வாசிக்கத்தகு நகரம்’ என்பதே அது. அதனை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஒளிப்பதிவுகள் வாயிலாகவும் விவரணங்கள் வாயிலாகவும் அறிந்தவற்றைக் கொண்டே இங்கு பேசுகின்றேன்.

பெரிய திரையொன்றின் முன் நிலையாக நிறுத்தப்பட்ட துவிச்சக்கர வண்டியில் பார்வையாளர் ஏறி மிதிக்கின்றார். மிதிக்க மிதிக்கத் திரையில் ஒரு நகரத்தின் தெருக்கள் விரிகின்றன. ஆனால் தெருவின் இருமருங்கும் கட்டடங்கள் இல்லை. அவற்றின் இடத்திற் பேரெழுத்துக்கள் நிற்கின்றன. எழுத்துக்கள் சொற்களாகி, சொற்கள் வசனங்களாகித் தெரு நெடுகச் செல்கின்றன. எத்தெருவில் திரும்புவது என்ற தெரிவு எவ்வசனத்தை வாசிப்பது என்ற தெரிவாகின்றது. மன்ஹற்றன் (1989), அம்ஸ்ரடாம் (1990), கார்ல்ஸ்றூ (1991) என மூன்று நகரங்களுக்கு மூன்று வடிவங்கள் செய்யப்பட்டன. மன்ஹற்றனில் வெவ்வேறு நிற எழுத்துக்களில் எட்டுக் கதைத்தொடர்கள் அமைந்தன. கட்டடக் கலைஞர் பிறாங்க் லொயிட் றைற், வாடகை வண்டிச் சாரதி, ஏமாற்றுக்காரன் முதலியோர் தனிமொழிகளாக அவை எழுதப்பட்டிருந்தன. அம்ஸ்ரடாமிலோ, 15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான அந்நகரின் அன்றாட நிகழ்ச்சிகளைக் கூறும் ஆவணங்கள் மூலமாயின. அம்ஸ்ரடாம், கார்ல்ஸ்றூ வடிவங்களில் ஒவ்வோர் எழுத்தும் தான் நிற்கும் இடத்திலுள்ள உண்மைக் கட்டடத்தின் அளவைப் பெற்றிருந்தது.

இப்படைப்பின் சிறப்பு யாது? மூன்று கூறலாம். முதலாவது, இங்கு கனம் அணியன்று, பொருள். அம்ஸ்ரடாமின் ஓரெழுத்து உயர்ந்து நிற்கின்றதெனின் அங்குள்ள கட்டடம் உயர்ந்தது என்பதே காரணம். எழுத்தின் உயரம் ஒரு செய்தியாகின்றது. அவ்வெழுத்தைத் தட்டையாக்கினால் படைப்பின் ஒரு பாதி அழிந்துவிடும். திரைகாப்பின் எழுத்தையோ தட்டையாக்கினால் ஒன்றும் குறையாது. இதுவே இரண்டையும் வேறுபடுத்தும் உரைகல்லாகும். இரண்டாவது, வாசிப்பு உழைப்பாகின்றது. மிதிப்பதை நிறுத்தினால் வசனமும் நின்றுவிடும். வாசகர் எதையும் செய்யாது பெற்றுக்கொள்பவர் என்ற எண்ணத்தை இவ்வண்டி கால்களின் வழியே மறுக்கின்றது. மூன்றாவது, நகரமென்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் ஆனதன்று, அங்கு வாழ்ந்தோர் பேசியவற்றாலும் எழுதியவற்றாலும் ஆனது என்ற கருத்து விளக்கவுரை எதுவுமின்றியே உருவத்தின் வாயிலாக உணர்த்தப்படுகின்றது. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று வேண்டி நிற்றல் என்று நாம் வகுப்பறையிற் பேசுவது இதனையே.

எனினும் குறைகளும் உள. தெருவில் நிற்பவர் இருபுறத்து எழுத்துக்களையும் சாய்வாகவே காண்பார். அருகிலுள்ள எழுத்துப் பெரிதாகித் தொலைவிலுள்ளது ஒடுங்கும். எதிர்த்திசையில் வருபவருக்கு வசனம் ஈற்றிலிருந்து தொடங்கும். நீண்ட வாக்கியத்தை ஒருசேரக் காணும் நிலை தெருவில் நிற்பவருக்கு வாய்ப்பதில்லை. ஆகவே வாதமொன்றைத் தொடர்ந்து கட்டியெழுப்பும் உரைநடைக்கு இந்நகரம் இடந்தராது. துண்டு துண்டான சொல்லாடலுக்கே இடந்தரும். மன்ஹற்றன் வடிவத்தை விட அம்ஸ்ரடாம் வடிவம் மேலானது என்று நான் கருதுவதற்கும் இதுவே காரணம். ஒருவரின் தனிமொழி தொடர்ச்சியை வேண்டுவது. மூலைக்கு மூலை அறுபடும்போது அது நலிந்துவிடும். ஆவணக்கூடத்துக் குறிப்போ இயல்பாகவே துண்டமானது, அறுபடினும் தாங்கும். அம்ஸ்ரடாமிற் படைப்பாளர் தம் கருவியின் எல்லையை அறிந்து அதற்கேற்ற உள்ளடக்கத்தைத் தேர்ந்தனர் எனலாம்.

வெளியில் நிற்கும் ஏடு

நிற்க. வெளியெழுத்தின் வரலாறு வேறு திசையிற் சென்றது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் காட்சிமொழிப் பட்டறையை நிறுவியோருள் ஒருவரான மூரியல் கூப்பர் (1925 – 1994), நூல் வடிவமைப்பில் நெடுங்காலம் உழைத்தபின் கணனிக்கு வந்தவர். திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களை அவர் முடிந்த முடிபாக ஏற்கவில்லை. 1994 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் மொன்ரறேயில் நடைபெற்ற டெட் மாநாட்டில், தமது மாணவரும் சகாக்களும் ஆக்கிய ‘தகவல் நிலக்காட்சிகள்’ என்பவற்றைக் காட்டினார். அங்கு எழுத்துக் கறுத்த வெளியில் மிதந்தது. வாசகர் அதனுள்ளே பயணஞ் செய்தார். தொலைவில் வெறும் புள்ளியாகத் தெரிந்தது அருகே செல்லச்செல்லப் பந்தியாகவும் சொல்லாகவும் விரிந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கூப்பர் காலமானார்.

அக்குழுவைச் சேர்ந்த டேவிட் ஸ்மோல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை இத்தகைய வெளியொன்றில் நிறுத்தினார். அதில் என் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது அடிக்குறிப்புக்களுக்கு அவர் கண்ட இடமாகும். குறிப்புக்கள் மூலத்துக்குச் செங்கோணமாக வைக்கப்பட்டன. நேராக நோக்கும்போது மூலம் மட்டுமே தெரியும். குறிப்பு விளிம்பளவாகி மறைந்துவிடும். வாசகர் பக்கமாகத் திரும்பியதும் குறிப்புத் தோன்றும். இங்கு எழுத்துக்குக் கனமில்லை; எழுத்து நிற்கும் வெளிக்கே ஆழமுண்டு. அவ்வாழம் ஒரு வாசிப்புச் சிக்கலைத் தீர்க்கின்றது. மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் இடத்துக்குப் போட்டியிடுவதன் இடர்ப்பாட்டைப் பழைய உரைப்பதிப்புக்களைக் கற்ற எவரும் அறிவர். ஒரு நூற்பாவுக்குப் பல உரைகாரர் உரை கண்ட மரபையுடைய தமிழ் மாணவருக்கு, ஒவ்வோர் உரையையும் ஒவ்வொரு கோணத்தில் நிறுத்தும் இம்முறை பெரும்பயன் தரவல்லது. தாளிற் செய்யமுடியாத ஒன்றைச் செய்வதே புதிய ஊடகத்தின் நியாயம் என்றால், அந்நியாயம் இங்குண்டு.

சித்திரகவி என்னும் எச்சரிக்கை

‘அழகுக்குப் பயன் வேண்டுமா? எழுத்தோடு விளையாடுதல் நம் மரபில் இல்லையா?’ என்று சிலர் வினவக்கூடும். உண்டு. தண்டியலங்காரம் சொல்லணியியலிற் சித்திரகவிகளுக்கு இலக்கணம் கூறுகின்றது. நாகபந்தத்தில், பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல்கள் சந்திக்கும் அறைகளில் அமையும் எழுத்துக்கள் இரு செய்யுட்களுக்கும் பொதுவாக நிற்றல் வேண்டும். எழுத்துக்கு இடவெளியில் ஓரிடம் உண்டு, அவ்விடத்துக்கும் பொருள் உண்டு என்பதை நம் புலவர் அறிந்திருந்தனர். ஆயினும் சித்திரகவி புலமையின் அடையாளமாகப் போற்றப்பட்ட அளவுக்குக் கவிதையாகப் போற்றப்படவில்லை. வாசகரின் வியப்பு செய்தவரின் திறமையோடு நின்றுவிட்டது; சொல்லப்பட்ட பொருளிடம் செல்லவில்லை. திண்ம எழுத்துக்கும் அதே ஊழ் காத்திருக்கின்றது. ‘எப்படிச் செய்தார்கள்?’ என்ற கேள்வியை மட்டும் எழுப்பும் எழுத்து, அக்கேள்விக்கு விடை தெரிந்ததும் வெறுமையாகிவிடும். கணனி இவ்விடையை அனைவருக்கும் எளிதாக்கிவிட்ட இந்நாளில் அவ்வியப்பின் ஆயுள் மேலும் குறுகியது.

தமிழெழுத்து நிற்குமிடம்

இனி, தொடக்கத்தில் நிறுத்திய கதைக்கு மீள்வோம். ‘கலைவிழா’ ஏன் சிதைந்தது?

யூனிகோட் குறியேற்றம் உயிர்மெய் ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகச் சேமிப்பதில்லை. மெய்யின் வடிவத்துக்கு ஒரு குறியெண், உயிர்க்குறிக்கு மற்றொரு குறியெண். ‘லை’ என்பது முதலில் லகரம், அடுத்து ஐகாரக் குறி என்ற ஒழுங்கிற் சேமிக்கப்படும். இவ்வொழுங்கு ஒலியின் ஒழுங்கு. கண்ணுக்குப் புலப்படும் ஒழுங்கன்று. குறியை மெய்யின் முன்னே கொணர்வதும், ‘கொ’ போன்றவற்றில் இருபுறமும் பிரித்து நிறுத்துவதும், ‘கு’, ‘டு’, ‘மு’ என மெய்தோறும் மாறும் உகர வடிவங்களைத் தேர்வதும் வடிவமைப்பு இயந்திரம் என்னும் வேறொரு நிரலின் பணியாகும். ஹாவ்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணியைச் செய்கின்றது. இணைய உலாவிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தமிழ் செம்மையாகத் தெரிவதற்கு அத்தகைய நிரல்களே காரணம். ஆனால் முப்பரிமாண எழுத்தை ஆக்கும் எளிய தொகுதிகள் பல இப்படியைத் தாண்டிச் செல்கின்றன. ஒரு குறியெண்ணை எடு, அதன் உருவரையைத் தேடு, கனம் கொடு, வலப்பக்கம் நகர், அடுத்ததை எடு: இதுவே அவற்றின் நடைமுறை. ஒரு குறியெண் ஓர் எழுத்து, எழுத்துக்கள் இடமிருந்து வலமாக வரிசையில் நிற்கும் என்ற எடுகோள் உரோம எழுத்துக்குப் பொருந்துவது. அதனை எழுத்தின் பொதுவிதியாகக் கொண்டதே பிழை. தமிழ் மட்டுமன்றிச் சிங்களம், அறபு, தேவநாகரி முதலியனவும் இவ்வெடுகோளின்கீழ் இடர்ப்படுவன. இதற்குப் பரிகாரம் அரிதன்று. சொல்லை முதலில் வடிவமைப்பு இயந்திரத்திடம் கொடுத்து, அது தரும் ஒழுங்கில் உருவரைகளைப் பெற்று, அதன்பின் கனங் கொடுத்தல் வேண்டும். எங்கள் நண்பரும் தமிழைச் சரியாகக் காட்டும் வேறொரு மென்பொருளிற் சொல்லை எழுதி, அதனை உருவரையாக மாற்றி எடுத்தே ஈற்றில் வெற்றி கண்டார்.

ஒழுங்கு சரியானபின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. அது புள்ளி பற்றியது. ‘க்’ என்பதற்கும் ‘க’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு புள்ளியும் அப்புள்ளிக்குக் கீழுள்ள சிறு வெற்றிடமுமேயாகும். எழுத்துக்கு ஆழங் கொடுத்துக் கீழிருந்து சாய்வாக நோக்கினால் புள்ளியின் அடிச்சுவர் அவ்வெற்றிடத்தை மறைக்கத் தொடங்கும். கணக்கு எளியது: ஆழத்தைச் சாய்வுக் கோணத்தின் தான்சனாற் பெருக்கவரும் அளவு வெற்றிடத்தை எட்டும்போது இடைவெளி முற்றாக மூடப்படும். நாற்பத்தைந்து பாகையில், ஆழம் வெற்றிடத்துக்குச் சமமானாலே போதும். அதன்பின் புள்ளியையும் எழுத்தையும் நிழலின் வேறுபாட்டால் மட்டுமே பிரித்தறியலாம். மேலிருந்து நோக்கினும் விளைவு இதுவே. சுழிகளின் உள்வெளியும் இவ்வாறே அடைபடும். ஆகவே, உரோமப் பேரெழுத்துக்குப் பொருந்திய ஆழம் தமிழெழுத்துக்குப் பொருந்தாது. தமிழுக்கென ஆழம் குறைந்த, புள்ளி சற்று உயர்ந்த, சுழி அகன்ற எழுத்துருக்கள் வேண்டும். இதனை நிரலாளர் தனித்துச் செய்ய இயலாது. எழுத்தின் இயல்பை அறிந்தவர் உடனிருத்தல் வேண்டும். கலைப்பீடத்தாருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு இதுவே என் விடை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். ஆழம் எழுத்துக்குப் புதியதன்று. வாசிப்புக்குத் தொடர்பற்ற ஆழமே புதியது. திண்ம எழுத்தின் பெருவழக்கு செல்வாக்கைக் காட்டுவதற்கே பயன்பட்டது. எனினும், கனத்தை நீக்கினால் பொருளும் நீங்கும் என்ற நிலையை ஷோவின் நகரம் எட்டியுள்ளது. வெளியெழுத்தோ மூலத்தையும் உரையையும் உறவுபடுத்தும் புதிய வாசிப்புமுறைக்கு வழிகாட்டியுள்ளது. ‘இவ்வெழுத்தைத் தட்டையாக்கினால் எதை இழப்போம்?’ என்பதே இவ்வகைப் படைப்புக்களை மதிப்பிடும்போது நாம் கேட்கவேண்டிய வினா. விடை ‘ஒன்றுமில்லை’ என்பதாயின், எத்துணை ஒளியும் நிழலும் அதனைக் காப்பாற்றா.

தமிழைப் பொறுத்தவரை வினா இன்னும் கூர்மையானது. பிறர் எழுத்துக்கென ஆக்கிய அச்சில் நம் எழுத்தை வார்த்துவிட்டு, அது மின்னுகின்றதே என்று மகிழ்ந்திருப்பதா? அல்லது, எழுத்தென்பது யாது என்று கணனிக்கு விளக்கும் பொறுப்பை ஏற்பதா? அன்று மண்டபத்தில் ‘கலவை’ என்று தொடங்கிச் சுழன்ற அச்சொல்லைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு பாதிவரை எங்களை நோக்கியதே. புள்ளி எங்கே நிற்கும், குறி எங்கே நிற்கும் என்று ஐந்து வயதில் மணலிலும் சிலேற்றிலும் எழுதிக் கற்றவர்கள் நாம். அதனைச் சொல்லிக் கொடுக்கவேண்டியவர்களும் நாமே.